மொட்டை மாடிக் கோபுரமும் நம் வீட்டு அச்சமும்

அல்சூர் சோமேசுவரர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடந்து செல்பவர் அண்ணாந்து பார்ப்பாராயின், கோயிற் கோபுரத்தைக் காட்டிலும் மிகுதியாக அவர் கண்ணிற் படுவன வேறு கோபுரங்களே. மொட்டை மாடிகளின்மீது இரும்புக் கால்களை ஊன்றி, நீண்ட வெண்ணிறப் பலகைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன அவை. கைப்பேசிக் கோபுரம் என்று ஏட்டில் எழுதினாலும் வீட்டில் நாம் வழங்கும் பெயர் 'டவர்' என்பதுதான். அந்த வெண்பலகைகளே ஆன்டெனாக்கள். நாம் ஊருக்குப் பேசும் பேச்சும், ஊரிலிருந்து நம் பெற்றோர் அனுப்பும் படமும், அப்பலகைகளின் வழியே வானொலி அலைகளாக வந்து செல்கின்றன.

டவர் வந்த நாள்முதல் ஓர் அச்சமும் நம்மவர் வீடுகளில் உடன் குடியேறியுள்ளது. தலைவலி வந்தால் டவர். குழந்தை இரவில் உறங்காவிடில் டவர். சிட்டுக்குருவி காணாமற் போனதற்கும் டவர். இவ்வச்சத்தை எள்ளி நகைப்பது எளிது. ஆனால் நகைப்பவர்களுள் பலர் சொந்த வீட்டுக்காரராகவும், திங்கள்தோறும் அக்கோபுரத்துக்கு வாடகை பெறுபவராகவும் இருக்கக் காண்கிறோம். நம் சங்கத்துக் குடும்பங்களோ பெரும்பாலும் வாடகைக்கோ போக்கியத்துக்கோ குடியிருப்பவை. வாடகைக்கு இருப்பவனாவது முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு வீடு தேடலாம். போக்கியக்காரன் நிலை அதனினும் இடர்ப்பாடானது. தருமபுரிப் பக்கத்திலோ ஆம்பூர்ப் பக்கத்திலோ இருந்த காணி நிலத்தை விற்ற பணத்தை மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதியிருப்பான். எதிர்மாடியில் டவர் எழுந்துவிட்டதென்று அவன் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு புறப்பட இயலுமா? வருவாய் மாடியின் சொந்தக்காரருக்கு, அச்சம் எதிர்வீட்டுக் குடிக்கூலிக்காரனுக்கு என்பது நம் தெருக்களில் எழுதப்படாத பங்கீடாகிவிட்டது.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் இவ்வாறு ஒரு வழக்கு எழுந்தது. வழக்கு என்றால் நீதிமன்ற வழக்கன்று. மாமியார் மருமகன் வழக்கு. இரண்டாம் மாடியில் போக்கியத்துக்கு இருந்த இளந்தம்பதியர். பெண் தலைப்பிள்ளைக்கு ஐந்து மாதம். திருப்பத்தூரிலிருந்து வந்த பெண்ணின் தாயார், சன்னலைத் திறந்ததும் எதிரே தெரிந்த டவரைக் கண்டு, "இந்த வீட்டில் என் மகள் ஒரு நாளும் இருக்கலாகாது" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மருமகனுக்கோ போக்கியம் முடிய இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. இருப்பதா, போவதா என்று இருவரும் என்னிடம் கேட்டனர். நான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தனாய் அமர்ந்தவன். பொறியியல் அறிந்தவன் அல்லேன். எனினும் கோப்புகளைப் புரட்டிப் பழகிய கைக்கு அரசாங்க ஆணைகளையும் ஆய்வுச் சுருக்கங்களையும் தேடிப் படிப்பது புதிதன்று. அவ்வாறு படித்தறிந்ததையே இங்கு எழுதுகின்றேன். டவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதன்று கேள்வி. எத்துணைத் தொலைவில், எத்துணை உயரத்தில், யாரை நோக்கி நிற்கிறது என்பதே கேள்வி. அதற்கு விடை காண அளவுகோல் ஒன்றும் உண்டு.

முதலில் இவ்வலைகள் யாவை என்பதைச் சுருங்கக் காண்போம். 1895-ஆம் ஆண்டில் சகதீச சந்திர போசு கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் செல்லும் அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அதே இனத்தைச் சேர்ந்தவைதாம் இன்றைய கைப்பேசி அலைகளும். பழைய மதராஸ் சாலையில் 1948-இல் தொடங்கப்பெற்ற ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் கறுப்புத் தொலைபேசிகளைப் பூட்டிய தமிழ்த் தொழிலாளர் பலர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கையில் இன்று கம்பியே இல்லாத பேசி இருக்கிறது. எக்ஸ்ரே கதிருக்கும் இவ்வலைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் மனத்தில் இருத்த வேண்டும். எக்ஸ்ரே கதிர் உடலின் அணுக்களிலிருந்து மின்னணுவைப் பறித்து, உயிரணுவின் உட்பொருளைச் சிதைக்கும் வல்லமை படைத்தது. வானொலி அலைக்கு அவ்வல்லமை இல்லை. அது செய்வதாக ஐயமின்றி நிறுவப்பட்ட தீங்கு ஒன்றே. மிகுதியாகப் பட்டால் உடலைச் சூடாக்கும். வசதியுள்ள வீடுகளில் சோறு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு இதனாலேயே வேலை செய்கிறது. ஆனால் அவ்வடுப்பு எழுநூறு, எண்ணூறு வாட் ஆற்றலை ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்துவைத்துச் சுடுகிறது. டவரின் ஆற்றலோ திறந்த வெளியில் பரவித் தேய்ந்துபோகிறது.

உடல் சூடேறத் தொடங்கும் அளவை ஆய்ந்த பன்னாட்டு ஆணையம் ஒன்று, அவ்வளவில் ஐம்பதில் ஒரு பங்கையே பொதுமக்களுக்குரிய வரம்பாக வகுத்தது. 2008-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவ்வரம்பை ஏற்றுக்கொண்டது. மக்களிடையே எழுந்த ஐயங்களை முன்னிட்டு 2010-இல் பல அமைச்சகங்களைச் சேர்ந்தோர் அடங்கிய குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழுவின் பரிந்துரைப்படி, 2012 செப்டம்பர் முதல் நாளிலிருந்து கோபுரங்களுக்கான வரம்பு பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றிருந்தது 0.45 வாட் ஆயிற்று. 1800 மெகாஹெர்ட்ஸில் 9 வாட் என்றிருந்தது 0.9 வாட் ஆயிற்று. உச்சிவெயில் நம் மொட்டை மாடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைப் பொழிகிறது. வெயிலும் வானொலி அலையும் ஒரே தன்மையன அல்ல, ஆயினும் 0.45 என்னும் எண் எத்துணைச் சிறியது என்பதை உணர இவ்வொப்புமை உதவும். இத்தாலி நாடும் நீண்ட காலம் மிகக் கடுமையான வரம்பை வைத்திருந்து, 2024-இல்தான் அதனைச் சற்றுத் தளர்த்தியது.

வரம்பு தாளில் இருக்கிறது. நம் வீட்டுச் சன்னலில் எவ்வளவு இருக்கிறது? இதனை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஓர் ஆன்டெனாவுக்கு 20 வாட் ஆற்றல் ஊட்டப்படுவதாகக் கொள்வோம். குண்டு விளக்கு எல்லாத் திசையிலும் ஒளி வீசுவது போல ஆன்டெனா வீசுவதில்லை. இரயில் எஞ்சினின் முகவிளக்கைப் போல ஒரு திசையில் குவித்து வீசுகிறது. ஆகவே அதன் முகத்துக்கு நேரே நிற்பவனுக்கு அது 1000 வாட் விளக்கின் வேலையைச் செய்கிறது. அந்நேர்முகத்தில் 10 மீட்டர் தொலைவில் சதுர மீட்டருக்கு 0.8 வாட் விழும். 20 மீட்டரில் 0.2, 40 மீட்டரில் 0.05, 80 மீட்டரில் 0.0125 அளவே. தொலைவு இருமடங்கானால் வலிமை நான்கில் ஒன்றாகிறது என்பதை நேயர்கள் கவனிக்க. பத்து மீட்டரில் வரம்பை மீறி நிற்பது, இருபது மீட்டரில் வரம்புக்குப் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

தொலைத்தொடர்புத் துறை 2013-இல் மாநில அரசாங்கங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறியிலும் இதனை ஒட்டிய அளவுகளே காணப்படுகின்றன. ஆன்டெனாவின் உயரத்திலேயே, அதன் முகத்துக்கு நேராக இருக்கும் கட்டடம், ஓர் ஆன்டெனா ஆயின் 20 மீட்டர், இரண்டாயின் 35 மீட்டர், நான்காயின் 45 மீட்டர், ஆறாயின் 55 மீட்டர் தள்ளி இருத்தல் வேண்டும். மீட்டர்க் கணக்கு நம் வீட்டுப் பெண்டிர்க்கும் முதியோர்க்கும் எளிதில் கைவராது. எங்கள் இலாகாவின் அளவுகோல் ஒன்றைத் தருகிறேன். இப்போது ஓடும் எல்.எச்.பி. பயணிகள் பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 24 மீட்டர். ஊருக்குப் போகும்போது கன்டோன்மென்ட் நிலையத்தில் பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் சன்னலுக்கும் எதிரே நேர்முகமாக நிற்கும் பலகைக்கும் இடையே ஒரு பெட்டி நீளங்கூட இல்லையாயின், அங்கே கேள்வி கேட்க இடமுண்டு. இரண்டரைப் பெட்டி நீளம் இருக்குமாயின், ஆறு பலகைகள் இருந்தாலும் உறங்கச் செல்லலாம்.

இங்கே 'அதே உயரத்தில்', 'நேர்முகமாக' என்ற இரு சொற்களும் உயிர்நாடியானவை. டவர் நிற்கும் வீட்டிலேயே குடியிருப்பவர்தாம் மிகுதியாக அஞ்சுகின்றனர். உண்மையில் டவருக்கு நேர் கீழே விழும் அலை மிகக் குறைவு. ஆன்டெனாவின் கற்றை கிடைமட்டத்திலிருந்து சில பாகைகளே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். 20 மீட்டர் உயரத்தில் நிற்கும் பலகை 5 பாகை சாய்ந்திருந்தால், கற்றையின் நடுப்பகுதி தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ 230 மீட்டருக்கு அப்பால். இடையில் உள்ள கான்கிரீட் கூரையும் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கலங்கரை விளக்கத்தின் அடியில் இருள் என்பதை ஒத்தது இது.

அவ்வாறாயின் யார் கவனமாக இருக்க வேண்டும்? அல்சூர், ஜோகுபாளையம், மர்பி டவுன் போன்ற இடங்களின் சந்துகளை அறிந்தவர்க்கு இது விளங்கும. சந்தின் அகலம் பத்தடி, பன்னிரண்டடி. டவர் வந்த காலத்தில் எதிர்வீடு தரைத்தளமும் ஒரு மாடியுமாக இருந்திருக்கும். பலகைகள் அதன் தலைக்குமேலே பார்த்துக்கொண்டிருந்தன. பின்னர் அவ்வீட்டுக்காரர் வாடகை வருவாயைக் கருதி மூன்றாம் மாடியும் நான்காம் மாடியும் எழுப்புகிறார். பலகை இருந்த இடத்திலேயே இருக்கிறது; வீடுதான் வளர்ந்து அதன் முகத்துக்கு நேரே போய் நிற்கிறது. அந்த நான்காம் மாடியின் ஒற்றை அறை யாருக்கு வாடகைக்கு விடப்படுகிறது? புதிதாக ஊரிலிருந்து வந்த நம் பிள்ளைகளுக்குத்தான். டவர் நிறுவியபோது நிறுவனத்தார் கொடுத்த சான்றிதழ் அன்றைய நிலைக்கு உரியது. பக்கத்து வீடு வளர்ந்த செய்தியை அந்நிறுவனத்துக்கு யார் சொல்வது? நம் பகுதியில் உண்மையாக ஆராயத் தக்க இடம் ஒன்று உண்டெனின், அது இவ்வாறு பின்னர் எழுந்த மேல்மாடி அறைகளே என்பது என் கருத்து. ஏரிக்கரையில் உலாவச் செல்பவர்க்கு எவ்விதக் கவலையும் வேண்டா.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். எதிர்மாடிப் பலகைக்கு அஞ்சுகின்ற நாம், காதோடு ஒட்டிவைத்துப் பேசும் கருவிக்கு அஞ்சுவதில்லை. அதுவும் அலையை வீசுவதே. நான்காம் தலைமுறைக் கைப்பேசி மிகுதியாக வீசக்கூடிய ஆற்றல் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, சிறிதுதான். ஆனால் தொலைவு ஒரு விரற்கடை கூட இல்லையே! மேலே கண்ட கணக்கை இங்கும் பொருத்திப் பார்த்தால், நம்மில் பெரும்பாலோர் தலைக்கு வந்து சேரும் அலை எதிர்மாடியிலிருந்து வருவதைவிடக் கைக்கருவியிலிருந்து வருவதே மிகுதி என்பது தெளிவாகும். வேடிக்கை என்னவென்றால், டவர் எட்டத்தில் இருந்தால் கைப்பேசி இன்னும் உரக்க வீசும். ஆரவாரம் மிக்க நடைமேடையில் எதிர்த் தண்டவாளத்து ஆளுடன் பேசுவோன் தொண்டை கிழியக் கத்துவதில்லையா? அதைப் போன்றதே. டவரை அகற்றிவிட்டு, கீழ்த்தள அறையில் ஒரு கோடு மட்டும் தெரியும் சிக்னலில் மணிக்கணக்காகப் பேசுபவர், அலையைக் குறைத்துக்கொண்டவர் ஆகார். கைப்பேசிகளுக்கும் 2012 முதல் உடற்றசையில் கிலோவுக்கு 1.6 வாட் என்னும் வரம்பு வகுக்கப்பட்டது. பல கைப்பேசிகளில் *#07# என்று அழுத்தினால் அக்கருவியின் அளவு திரையில் தோன்றும். நீண்ட நேரம் பேசுவோர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பேசினால் தலைக்கும் கைப்பேசிக்கும் இடையே ஒரு முழத் தொலைவு கிடைக்கும். அதுவே பெரும் பாதுகாப்பு.

புற்றுநோய் வருமா என்பதே தாய்மார்களின் கேள்வி. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே 31 அன்று வானொலி அலைகளைப் 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்னும் 2பி வகுப்பில் சேர்த்தது. இச்செய்தியே எல்லா அச்சத்துக்கும் வித்து. அவ்வகுப்பின் பொருள், சிறிது சான்று உண்டு, அது போதுமானதன்று என்பதே. ஆசிய நாடுகளின் பழைய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே வகுப்பில்தான் இருக்கிறது. அச்சிறிய சான்றும் டவர்களைப் பற்றியதன்று. கைப்பேசியைத் தலையில் வைத்துப் பல ஆண்டுகள் மிகமிகப் பேசியோரிடையே மூளைக்கட்டி சற்று மிகுந்திருப்பதாகப் பதின்மூன்று நாட்டு ஆய்வு ஒன்றில் கண்ட குறிப்பே முதன்மையானது. அவ்வாய்வை நடத்தியோரே அதில் பிழை நேர்ந்திருக்கலாம் என்றும் எழுதினர்.

டவரையும் குழந்தைகளையும் நேராக ஆராய்ந்தது பிரிட்டனில் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. புற்றுநோய் கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட 1397 குழந்தைகளையும், நோயற்ற 5588 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, தாய் கருவுற்றிருந்த காலத்தில் அவர்கள் வீடு டவருக்கு எவ்வளவு அருகில் இருந்தது, எவ்வளவு அலை விழுந்தது என்று கணக்கிட்டனர். இரு கூட்டத்தாரிடையே வேறுபாடு காணப்படவில்லை. 2024-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வேண்டுகோளால் 63 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தோரும், கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்றும், டவர்களுக்கும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றவில்லை என்றும் எழுதினர். திருப்பத்தூர் அம்மையாரிடம் நான் முதலில் சொன்னது பிரிட்டன் ஆய்வைத்தான். "வெள்ளைக்காரன் வீடு எட்ட எட்ட இருக்கும், நம் வீடு அப்படியா?" என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி! அதனால்தான் தொலைவை அளக்க வேண்டும் என்கிறேன்.

நீதிமன்றங்களும் இவ்விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. 2012-இல் இராசத்தான் உயர்நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றையொட்டிய டவர்களை அகற்றப் பணித்தது. 2017-இல் குவாலியரில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒருவர், தம் புற்றுநோய்க்கு அண்டை மாடி டவரே காரணம் என முறையிட, உச்ச நீதிமன்றம் அந்த டவரை நிறுத்திவைக்க ஆணையிட்டது. நோய்க்குக் காரணம் டவர்தான் என்று அறிவியல் வழியில் நிறுவப்பட்டதாக இதற்குப் பொருளன்று. ஆயினும் ஓர் ஏழையின் முறையீட்டுக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் செவிசாய்த்தது என்பது குறிக்கத் தக்கது. இதற்கு மாறாக, ஐந்தாம் தலைமுறை அலையை எதிர்த்து நடிகை சூகி சாவ்லா தொடுத்த வழக்கை 2021 ஜூனில் டெல்லி உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டு 20 இலட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. மறு ஆண்டில் அது 2 இலட்சமாகக் குறைக்கப்பட்டது.

நம்மவர் இவ்வச்சத்தைக் கற்ற இடம் நீதிமன்றமன்று, திரையரங்கம். 2018 நவம்பரில் வெளிவந்த '2.0' என்னும் படத்தில் டவர் அலையால் பறவைகள் மடிவதைக் கண்டு கண்ணீர் விடாதார் இலர். கதை கதையாகவே இருக்கட்டும். 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதும் நோக்கின் சிட்டுக்குருவியின் தொகை ஏறத்தாழ நிலையாக இருப்பதாகவும், பெங்களூர், சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்து வருவதாகவும், டவரே காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும் கூறியது. ஓட்டு வீடும் தாழ்வாரமும் போய்க் கண்ணாடிச் சுவர் வந்த நகரில் குருவி எங்கே கூடு கட்டும்?

இனி, எங்கள் தெரு வழக்குக்கு வருகிறேன். மருமகனும் நானும் சன்னலிலிருந்து பார்த்தோம். பலகைகள் நான்கு வீடு தள்ளி, இரண்டு பெட்டி நீளத்துக்கும் அப்பால், எங்கள் தலைக்கு இரண்டு மாடி மேலே இருந்தன; ஒன்றுகூட இவ்வீட்டை நோக்கவில்லை. அலையைப் பொறுத்தமட்டில் அஞ்சுதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவ்வீட்டில் நின்ற அரை மணி நேரத்தில் மின்சாரம் நின்றது. உடனே கீழிருந்து ஓர் உறுமல் எழுந்தது. படுக்கையறைச் சன்னல் வழியே கரும்புகை உள்ளே புகுந்தது. டவருக்கு மின்சாரம் ஊட்டும் டீசல் ஜெனரேட்டரைப் பின்சந்தில் இறக்கிவைத்து, அதன் புகைக்குழாயை இவ்வீட்டுச் சன்னலுக்கு நேரே திருப்பியிருந்தனர்! "டவர் வந்த பிறகுதான் தலைவலி" என்று அப்பெண் சொன்னது பொய்யன்று. டவரின் எந்த உறுப்பு என்பதைத்தான் வீட்டார் பிழையாகக் கொண்டனர்.

வானொலி அலையை 2பி வகுப்பில் வைத்த அதே முகமை, 2012 ஜூனில் டீசல் புகையை முதல் வகுப்பில் சேர்த்தது. முதல் வகுப்பு என்றால் 'விளைவிக்கக்கூடும்' அன்று. புற்றுநோய் விளைவிக்கும் என்பதற்குப் போதிய சான்று உண்டு என்பது. புகையிலையும் அங்கேதான் இருக்கிறது. ஆயினும் நம் தெருவில் பலகையை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டுவோர் புகைக்குழாயைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. இது எனக்கு மிகவும் வியப்பளிக்கிறது. ஜெனரேட்டரின் ஓசைக்கும் சட்டம் உண்டு. ஒலிதடுப்புப் பெட்டிக்குள் அடைத்து, ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபலுக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். இதனைக் கருநாடக மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிடலாம். அவ்விளந்தம்பதியர் முறையீட்டுத் தாளை எழுதி, அனுப்புவதற்குமுன் மாடியின் சொந்தக்காரரிடம் காட்டினர். பத்து நாளில் புகைக்குழாய் கூரைக்குமேல் உயர்த்தப்பட்டது. அலையைப் பற்றி ஆறு மாதம் வாதாடியிருந்தால் இது நடந்திருக்குமா என்பது ஐயமே. குழந்தை அவ்வீட்டில்தான் பிறந்தது. பாட்டியார் இன்றும் டவர்ப்பக்கத்துச் சன்னலைத் திறக்கவிடுவதில்லை.

பளுவையும் மறத்தலாகாது. மின்கலங்கள், இரும்புச் சட்டங்கள், பெட்டிகள் எல்லாம் சேர்ந்து கூரையின்மேல் சில டன் எடையை ஏற்றுகின்றன. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குமுன் இரண்டு மாடிக்கென அடித்தளம் போட்ட வீடுகள் அல்சூரில் பல. கட்டடத்தின் உறுதிக்குத் தக்க நிறுவனத்தின் சான்றிதழ் இருத்தல் வேண்டும் என்பது 2013 வழிகாட்டு நெறியிலேயே உள்ளது. டவர் நிற்கும் வீட்டிலேயே குடியிருப்போர் கேட்க வேண்டிய தாள் அதுதான். மேல்தளத்தில் புதிதாக வெடிப்போ நீர்க்கசிவோ கண்டால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல் போதாது.

தொலைவும் முகமும் பார்த்தபின்னும் ஐயம் தீராதவர்க்கு அளவெடுக்கும் வழி இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை 2017 மே மாதத்தில் 'தரங் சஞ்சார்' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. நம் பகுதியின் வரைபடத்தில் உள்ள டவர்களை அதில் காணலாம். ஒரு டவர் வரம்புக்குட்பட்டதா என்று கேட்டறியலாம். நம் வீட்டிலேயே வந்து அளக்கவேண்டுமென விண்ணப்பிக்கவும் அப்போது வகை செய்யப்பட்டது. தொடக்கத்தில் அதற்குக் கட்டணம் 4000 ரூபாய். தனி ஒருவருக்கு இது பெருந்தொகை. ஒரே பலகையை நோக்கியிருக்கும் எட்டுக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 500 ரூபாய். ஒரு நாள் ஊர்ப்பயணச் செலவைவிடக் குறைவு. அளப்பவர் வரும்போது கீழ்த்தள வாசலில் அளந்துவிட்டுப் போகவிடாதீர்கள். பலகைக்கு மிக அருகிலுள்ள மேல்மாடிச் சன்னலுக்கும், துணி உலர்த்தும் மொட்டை மாடிக்கும் அழைத்துச் செல்லுங்கள். எண்ணைத் தாளில் குறித்து வாங்குங்கள். கருவி வோல்ட்டுக் கணக்கில் காட்டினால், 0.45 வாட் என்பது மீட்டருக்கு ஏறத்தாழ 13 வோல்ட்டுக்குச் சமம். வரம்பை மீறிய டவருக்கு நிறுவனத்தின்மீது விதிக்கப்படும் தண்டத்தை 2013-இல் 10 இலட்சம் ரூபாய்வரை உயர்த்தினர். ஆகவே வரம்பை மீறிய எண் ஒன்று நம் கையில் இருக்குமாயின், அதன்முன் நிறுவனத்தார் வாளாவிருக்க மாட்டார்கள்.

சிறுவர்களை மொட்டை மாடியில் பட்டம் விடவோ பந்து விளையாடவோ அனுப்புவோர், தாழ்வான கம்பத்தில் நிற்கும் பலகையின் முன்புறத்தில் நிற்கவேண்டா என்று சொல்லி அனுப்புக. பின்புறம் அவ்வளவு தீங்கில்லை. வேலியும் பூட்டும் இல்லாத டவர் ஆயின் அதனையும் எழுதிக் கேட்கலாம்.

இறுதியாக, சொந்த வீடு கட்டிக்கொண்ட அன்பர்களுக்கு ஒரு சொல். "உங்கள் மாடியில் டவர் வைக்கிறோம், முன்பணம் பல இலட்சம், மாத வாடகை தனி, பதிவுக் கட்டணம் மட்டும் இன்றே அனுப்புக" என்று கைப்பேசியில் செய்தி வந்தால் நம்பாதீர்கள். டவர் வைக்கத் தடையின்மைச் சான்று எதனையும் தாம் வழங்குவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பன்முறை அறிவித்துள்ளது. உண்மையான நிறுவனம் மாடிக்கு வாடகை கொடுக்குமேயன்றி, மாடிக்காரரிடம் பணம் கேட்காது.

விண்ணப்பமோ முறையீடோ கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுத உதவி வேண்டுவோர், ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் நம் சங்கப் படிப்பகத்தில் என்னைக் காணலாம். வரும்போது வீட்டு வாடகை அல்லது போக்கிய ஒப்பந்தத்தின் படி ஒன்றும், சன்னலிலிருந்து டவர் தெரியுமாறு எடுத்த படம் ஒன்றும் கொண்டுவருக.